சரி, அடுத்தது

அரோஹா ஐம்பத்தாறு ஃபீஜோவா பழங்களைப் பறித்தாள். அவற்றை ஏழு பைகளில் சமமாகப் போட்டாள். ஒரு பையில் எத்தனை பழங்கள்?

இந்த அரோஹா யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டிருப்பேன். மே மாதம் வந்தால் ஆக்லாந்தில் யார் வீட்டுக் கதவைத் திறந்தாலும் ஒரு பை ஃபீஜோவா உட்கார்ந்திருக்கும். வேண்டாம் வேண்டாம் என்றாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்களில் ஒருத்தராவது எண்ணிப் போட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அள்ளினோமா, கொடுத்தோமா என்று இல்லாமல் அதை எண்ணி, ஏழாகப் பிரித்து, என் மகள் தலையில் கட்டி, அவள் பதினைந்துக்கு மூன்று வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்படி செய்ய இவளுக்கு என்ன வந்தது?

ஆமாம், பதினைந்துக்கு மூன்று. நான் மூன்று முறை பார்த்தேன்.

என் மகள் அஸ்வினிக்கு எட்டு வயது. வாய்ப்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதினாறு வரை சொல்வாள். தானாக வந்துவிடவில்லை, நான் சொல்ல வைத்தேன். ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டிலிருந்து மவுண்ட் வெல்லிங்டன் மாலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பதாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் ஒப்பித்துவிடுவாள். பெருக்கு என்றால் பெருக்குவாள், வகு என்றால் வகுப்பாள். அதையே ஒரு கதையாக எழுதிக் கொடுத்து, பெருக்குவதா வகுப்பதா என்று அவளையே முடிவு செய்யச் சொன்னால் போச்சு. திருச்சியில் நான் படித்த புத்தகத்தில் இதற்கு வாழ்க்கைக் கணக்கு என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்றைக்குச் சிரிப்பாக இருந்தது.

மதிப்பெண் தாளோடு அவள் டீச்சர் மெரேயின் கடிதமும் வந்திருந்தது. பிள்ளைகள் அவரை ஃபையா மெரே என்பார்கள். பெண் டீச்சரை மாவோரி மொழியில் ஃபையா என்று கூப்பிடுவது இங்கே வழக்கம். கடிதம் மரியாதையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை இன்னொரு முறை சோதனை வைப்பார்களாம். அதிலும் பத்துக்குக் குறைந்தால், செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பதினொரு மணிக்கு அஸ்வினியை உதவி வகுப்பில் போடுவார்களாம்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு யுகுலேலே. நாலு கம்பி கட்டிய குட்டி கிட்டார் மாதிரி இருக்குமே, அதுதான். பள்ளிக் குழுவில் முப்பது பேருக்குத்தான் இடம். போன வருடம் கேட்டு, கிடைக்காமல் அழுது, இந்த வருடம் மறுபடி கேட்டு இடம் வாங்கியிருந்தாள். நவம்பரில் பல பள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து மேடையில் வாசிக்கும் விழா இருக்கிறது. பயிற்சிக்கு வராதவர்களுக்கு மேடை கிடையாது. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போதுகூட அவள் இடதுகை விரல்கள் காற்றில் கம்பியை அழுத்திக்கொண்டிருக்கும்.

கடிதத்தை என்னைவிட வேகமாக அவளே படித்துவிட்டாள். நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

என் கணவர் கதிர் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர். காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

“ஒரு டெர்ம் எக்ஸ்ட்ரா கிளாஸ் போனாத்தான் என்ன வைஷு? இலவசமா சொல்லித் தர்றாங்க.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “உள்ள அழுதுட்டு இருக்கா, அது காதுல விழலையா உங்களுக்கு? யுகுலேலே போயிடும்ங்க! அதுவும் எதுக்கு? பதினாறாம் வாய்ப்பாடு தெரிஞ்ச பொண்ணுக்கு உதவி வகுப்பா? என் பொண்ணுக்கா?”

“அதான, உன் பொண்ணுக்கு,” என்று முணுமுணுத்துவிட்டு அவர் நழுவினார். அதற்கு நான் அப்புறம் தனியாகக் கொடுத்தேன்.

குளியலறைக் கதவைத் தட்டினேன். “வெளிய வாடி. பத்து நாள் இருக்கு. அம்மா உன்ன ரெடி பண்றேன். யுகுலேலே எங்கயும் போகாது.”

தாழ்ப்பாள் மட்டும் நகர்ந்தது. பிறகு “ப்ராமிஸ்?” என்று கேட்டாள்.

“ப்ராமிஸ்,” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

நான் ஒரு மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் நர்ஸ். காலை ஷிஃப்ட் முடிந்து அவளையும் கூட்டிக்கொண்டு வீடு வர நாலேகால் ஆகும். ஆளுக்கு ஒரு டோஸ்ட்டைக் கடித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்துவிடுவோம். ஒரு நாளைக்கு இருபது கணக்கு. நானே எழுதினேன். அரோஹாவும் அவள் பழமும் எனக்கெதற்கு?

“ஆறு வேன். ஒவ்வொரு வேன்லயும் எட்டுப் பிள்ளைங்க. மொத்தம் எத்தன பேரு?”

“டிவைட்?”

நான் பேசாமல் அவளைப் பார்த்தேன்.

“டைம்ஸ்! ஃபார்ட்டி எய்ட்!”

“சரி, அடுத்தது. எழுபத்திரண்டு நாற்காலி. ஒன்பது வரிசை. ஒரு வரிசைக்கு எத்தன?”

“டைம்ஸ்…” என் முகத்தைப் பார்த்தாள். “நோ, டிவைட். எய்ட்.”

“சரி, அடுத்தது.”

தப்பாகச் சொன்னால் நான் தப்பு என்று சொல்வதே இல்லை. இதில் எனக்குப் பெருமை வேறு. என் அம்மா ஸ்கேலால் கணுக்காலில் போடுவாள். நான் அப்படியா? வாயைத் திறக்காமல் காத்திருப்பேன்; பிள்ளை தானே யோசித்துத் திருத்திக்கொள்ளும். சரியான விடை வந்த அந்த நொடியே “சரி, அடுத்தது” என்று பாராட்டி நகர்ந்துவிடுவேன். எவ்வளவு நாகரிகமான அம்மா!

வெள்ளிக்கிழமை இருபதுக்கு இருபது. சனிக்கிழமை இருபதுக்கு இருபது. ஞாயிற்றுக்கிழமை முப்பது கொடுத்தேன், முப்பதும் வந்தது. கதிரைக் கூப்பிட்டுத் தாளை அவர் மூக்குக்கு நேராக ஆட்டினேன். அவரும் “பரவாயில்லையே” என்றார். அஸ்வினி அறைக்குள் போய் ஏதோ ஒரு பாட்டைக் காற்றில் வாசித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் பத்துக் கணக்கு கொடுத்திருந்தார்கள், சும்மா ஒரு பயிற்சிக்கு. அந்தத் தாள் வீட்டுக்கு வந்தது.

பத்துக்கு இரண்டு.

அதுவும் என்ன தாள்! அழித்து அழித்து எழுதி, ரப்பர் தேய்த்த இடமெல்லாம் கறுத்துப் போய், ஓர் இடத்தில் கிழிந்தும் இருந்தது. அதே பழக் கணக்கில் ஐம்பத்தாறை ஏழால் பெருக்கி முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதியிருந்தாள். ஐம்பத்தாறு பழம் பறித்தவள் பைக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எப்படிப் போடுவாள், கடவுளே!

“வீட்டுல முப்பதுக்கு முப்பது! ஸ்கூலுக்குப் போனா மூளைய எங்க கழட்டி வெக்கிற? பை மாட்டுற கொக்கியிலயா?” என்று கத்தினேன். “வேணும்னே பண்றியா? ஏன்டி, யுகுலேலே வேணுமா வேண்டாமா உனக்கு?”

அவள் உதடு கோணியது. மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு, “இட்ஸ் டூ குவையட் தேர்,” என்றாள்.

“என்னது? ஊரு உலகத்துல பிள்ளைங்க சத்தமா இருந்தாத்தான் கணக்கு வரலைன்னு சொல்லும். உனக்கு அமைதியா இருந்தா வரலையா? நல்லா சொல்லு, கேக்கறவங்க சிரிப்பாங்க.”

அன்று இருபது கணக்கும் சரியாகவே செய்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் கூடியதே தவிர ஒரு வழியும் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலைக்கு இரண்டு மணிநேரம் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு நேரே பள்ளிக்குப் போனேன். ஃபையா மெரே சின்ன நாற்காலிகளை மேசைமேல் இருந்து இறக்கிக்கொண்டிருந்தார். என்னையும் ஒன்றில் உட்காரச் சொன்னார். முழங்கால் மோவாயில் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு எப்படிச் சண்டை போடுவது? நான் நின்றுகொண்டே பேசினேன்.

“வீட்டில் எல்லாமே சரியாகச் செய்கிறாள். இங்கேதான் ஏதோ கோளாறு. கேள்வியைச் சரியாக விளக்குகிறீர்களா? பக்கத்தில் யாராவது அவளைத் தொந்தரவு செய்கிறார்களா?”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“அவள் கேள்வியைப் புரிந்துகொள்கிறாள் என்றுதான் நினைக்கிறேன்,” என்றார். “எழுதுகிறாள். எழுதிவிட்டு நிமிர்ந்து என்னையே பார்க்கிறாள். நெடுநேரம் பார்க்கிறாள். பிறகு குனிந்து அழிக்கிறாள்.”

“பார்க்கிற பிள்ளையிடம் ஒரு வார்த்தை ஏதாவது சொல்லலாமே?”

“சோதனை நேரத்தில் எதுவும் சொல்ல முடியாதே. எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான்.” பிறகு கொஞ்சம் தயங்கி, “உதவி வகுப்பு ஒரு தண்டனை இல்லை, வைஷாலி,” என்றார்.

“யுகுலேலேயைப் பிடுங்கிக்கொண்டு கொடுப்பதற்கு வேறு என்ன பெயர்?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். காரில் ஏறிக் கதவை அடித்த அடியில், பக்கத்தில் குழந்தையை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.

மறுநாள் புதன்கிழமை, சோதனைக்கு முந்தின நாள். காலையில் வார்டில் பதினாறு கிலோ எடையுள்ள ஒரு குழந்தைக்கு நரம்பு வழியாக மருந்து போட வேண்டியிருந்தது. கிலோவுக்கு ஐம்பது மில்லிகிராம். புட்டியில் பத்து மில்லியில் ஆயிரம் மில்லிகிராம் கலந்திருக்கிறது. பதினாறை ஐம்பதால் பெருக்கினால் எண்ணூறு, அப்படியானால் எட்டு மில்லி. இது என் தினசரிச் சோறு. ஒரு நாளைக்கு இப்படி இருபது கணக்குப் போடுகிறவளுடைய மகளுக்குத்தான் பழத்தைப் பைக்குள் போடத் தெரியவில்லை என்ற வயிற்றெரிச்சலோடே மருந்தை ஊசியில் இழுத்தேன்.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் இந்த மாதிரி மருந்தை ஒரு நர்ஸ் மட்டும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட முடியாது. இரண்டாவது நர்ஸ் தனியாக, முதலிலிருந்து, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு விடையும் ஒன்றாக வந்தால்தான் மருந்து குழந்தைக்குப் போகும். அன்றைக்கு எனக்கு இரண்டாவது ஆள் ரதிதேவி. யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடமாக இதே வார்டில் இருக்கிறார். எங்களுக்கெல்லாம் ரதியக்கா.

“எட்டு எம்.எல். வருதுக்கா,” என்று ஊசியை நீட்டினேன்.

“விடையை ஏன் முதல்ல சொல்லுறீர்?” என்றார் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டே. “நீர் எட்டெண்டு சொன்னா நானும் எட்டெண்டுதான் சொல்லுவன். பேசாமல் நில்லும், நான் பாக்கிறன்.”

நின்றேன். அவர் குழந்தையின் எடையைப் பார்த்தார். புட்டியைத் திருப்பி எழுத்தைப் படித்தார். ஒரு துண்டுத்தாளில் என்னவோ எழுதினார். முகத்தில் ஒன்றும் இல்லை. ஒரு ‘ம்’ கூடக் கொட்டவில்லை. மருந்து அறையில் குளிர்பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஏன் இவ்வளவு நேரம்? தப்போ? எடை பதினாறுதானா, நேற்றைய எடையைப் பார்த்துவிட்டேனோ? ஐம்பதா, இருபத்தைந்தா? என் தலைக்குள் எட்டு கரைந்து நாலாகத் தொடங்கியது. பதினான்கு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன்.

“இருங்கக்கா, தப்பு போல இருக்கு. குடுங்க, நான் வேற எடுத்துடறேன்,” என்று ஊசியைப் பிடுங்கப் போனேன்.

ரதியக்கா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “ஏன் அந்தரப்படுறீர்? நான் கதைக்காமல் நிண்டா பிழையெண்டு ஆர் சொன்னது? நான் கணக்குப் பாக்கிறன், அவ்வளவுதான்.” தாளைத் திருப்பிக் காட்டினார். “எட்டு. சரியாத்தான் எடுத்திருக்கிறீர். சரியான விடையைக் கொண்டுபோய் வாளிக்குள்ள கொட்டப் பாத்தீரே!”

குழந்தைக்கு மருந்து போட்டேன். அதுவரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. திரும்பி வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது, நான் சோப்பு போடாமல் நிற்கிறேன். எங்கள் வீட்டு மேசையில் நான் கதைக்காமல் இருந்தால் என்ன அர்த்தம்? பிழையென்றுதான் அர்த்தம். பத்து நாளாக, இல்லை, அவள் எண்ணத் தொடங்கிய நாளிலிருந்தே அந்த ஒன்றைத்தான் நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

நாலேகாலுக்கு வீட்டுக்கு வந்ததும் டோஸ்ட் போடவில்லை. இரண்டு தாளையும் எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். என்னதான் அழித்தாலும் அழுத்தி எழுதுகிறவளுடைய பென்சில் தடம் போகுமா? முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டுக்கு அடியில் எட்டு இருந்தது. வேறொரு தப்புக்கு அடியில் நாற்பத்தெட்டு இருந்தது. விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினைந்துக்கு மூன்று வாங்கிய தாளில் பதினொரு சரியான விடையை முதலில் எழுதியிருக்கிறாள். பத்துக்கு இரண்டில் ஏழு. எழுதி, நிமிர்ந்து, டீச்சர் முகத்தில் ஒன்றும் வராததைப் பார்த்து, எல்லாவற்றையும் தன் கையாலேயே அழித்திருக்கிறாள்.

“அஸ்வினி, இங்க வா. முதல்ல எட்டுன்னுதான எழுதின?”

“ம்.”

“அப்புறம் ஏன்டா கண்ணு அழிச்ச?”

நான் திட்டுவதற்கு ஆரம்பிக்கிறேனோ என்று என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். “பிகாஸ் நோபடி செட் ‘சரி’,” என்றாள்.

கணக்குத் தெரியாத பிள்ளை என்று ஊரெல்லாம் சண்டை போட்டேனே, அவளுக்குக் கணக்கு வரும்! என் முகம் கண்ணெதிரே இல்லாமல் வராது, அவ்வளவுதான். ஃபையா மெரேயிடம் நான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அடித்துக்கொண்டேன். அஸ்வினி பயந்துவிட்டாள்.

“உன்ன இல்லடி. என்னையேதான்.”

மிச்சமிருந்தது அந்த ஒரு சாயங்காலம்தான். மேசையில் உட்கார்ந்தோம். “இன்னிக்கு அம்மா எதுவுமே சொல்ல மாட்டேன். சரின்னும் சொல்ல மாட்டேன், தப்புன்னும் சொல்ல மாட்டேன். நீ எழுதிட்டு, கேள்விய மறுபடி ஒரு தடவ படி. எழுதினது சரின்னு உனக்குத் தோணினா அடுத்ததுக்குப் போ. என்னப் பாக்காத,” என்றேன்.

சொல்வது சுலபம். நாலு வலைப்பந்து அணி, அணிக்கு ஏழு பேர், மொத்தம் எத்தனை பேர் என்ற கணக்குக்கு இருபத்தெட்டு என்று எழுதினாள். நிமிர்ந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். ஒரு நொடி, இரண்டு நொடி. அவள் கை ரப்பரைத் தேடியது.

“சரிதான்டி, விடுடி!” என்று கத்திவிட்டேன்.

“யூ செட் யூ வோன்ட் ஸே!” என்று அவளும் கத்தினாள்.

அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததில் வாயை மூடிக்கொண்டேன், ஆனால் தலை தானாக ஆடிவிட்டது. ச்சே, எட்டு வருடப் பழக்கம் எட்டு நிமிடத்தில் போகுமா? எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீரை எடுத்துக் கன்னம் உப்ப வைத்துக்கொண்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காப்பி போட வந்த கதிர் என்னைப் பார்த்துவிட்டு, “என்ன வைஷு, யாராவது தண்டன குடுத்துட்டாங்களா?” என்றார். வாயில் தண்ணீர் இருந்ததால் பிழைத்தார்.

முதுகுக்குப் பின்னால் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. நின்றது. ரப்பர் தேய்கிற சத்தம் கேட்டது. என்னடி அழிக்கிறாய் என்று கேட்க முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் விசும்புவது கேட்டது.

“அம்மா, ப்ளீஸ் டர்ன் அரவுண்ட். ஜஸ்ட் ஒன்ஸ்.”

திரும்பியிருப்பேன். சத்தியமாகத் திரும்பியிருப்பேன். தண்ணீரை விழுங்கிவிட்டு, சுவரைப் பார்த்தபடியே, “கேள்வியப் படி அஸ்வினி. சத்தமா படி. உனக்கு நீயே படி,” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படித்தாள். பிறகு பென்சில் ஓடியது. இந்த முறை ரப்பர் சத்தம் வரவில்லை. ஆறு கணக்குத்தான் முடிந்தது, அதற்குள் சோற்றுக்கு நேரமாகிவிட்டது.

வியாழக்கிழமை வேலையில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாயங்காலம், “எப்படிப் பண்ண?” என்று கேட்டதற்கு, “ஓகே” என்றாள். அந்த ஓகேயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. பள்ளி வாசலிலேயே நின்று உறையைக் கிழித்தேன். பதினைந்துக்குப் பன்னிரண்டு!

“பன்னெண்டு! அஸ்வினி, பன்னெண்டுடி! யுகுலேலே போகல!” என்று நடுப் பாதையில் அவளைத் தூக்கிவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது.

“ஐ நோ,” என்றாள் அவள், என் தோளுக்கு மேல் வேறு எதையோ பார்த்தபடி.

“எப்படித் தெரியும்? ஃபையா சொன்னாங்களா?”

“நோ.” நான் ஏதோ அசட்டுக் கேள்வி கேட்டுவிட்ட மாதிரி பார்த்தாள். “ஐ டிட் இட்.”

இறக்கிவிட்டேன். ஃபையா மெரே வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தார். போய் மன்னிப்புக் கேட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் யுகுலேலே பயிற்சிக்குப் போய்விட்டு வந்தாள். விரல் நுனி சிவந்திருப்பதைக் காட்டினாள். டோஸ்ட் தின்றாள். பையிலிருந்து கணக்குத் தாளை எடுத்தாள். நான் வழக்கம்போல எதிர் நாற்காலியை இழுத்தேன்.

“நீ உக்காராத அம்மா.”

தமிழில் சொன்னாள். முக்கியமான விஷயம் என்றால்தான் தமிழில் சொல்வாள்.

“ஒண்ணும் பேச மாட்டேன்டி. வேணும்னா தண்ணி வெச்சுக்கறேன்.”

“நோ. யூ ஸ்டில் லுக்.”

தாளைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதினாள். நான் சமையல்கட்டில் பீன்ஸை வைத்துக்கொண்டு நின்றேன். இதைத்தானே ஆசைப்பட்டேன்? அப்புறம் ஏன் எனக்கு இப்படிக் கோபம் வருகிறது என்று எனக்கே புரியவில்லை. அவள் முடித்துவிட்டு எழுந்தாள். தாளை மடித்துப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். சரியாக வந்ததா, தப்பா? ஒன்றும் தெரியவில்லை.

“எல்லாம் சரியா வந்துச்சா?”

“தெரியல. நாளைக்கு ஃபையா பாப்பாங்க,” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பை அங்கேயே தரையில் கிடந்தது. ஹாலில் வேறு யாரும் இல்லை, கதிர் அறைக்குள் மீட்டிங்கில் இருந்தார். போய் ஜிப்பைப் பிடித்துவிட்டேன். ஒரு தப்பு, ஒரே ஒரு தப்பு உள்ளே இருந்துவிட்டால் போதும், அதை என் முகத்தில் வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு அவளுக்குச் சோறு போட வேண்டும். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். போய்த் தாளை எடுப்பாள், அழிப்பாள்.

ஜிப்பை விட்டேன். திரும்பி வந்து பீன்ஸை நறுக்கினேன். ஒன்றுகூட ஒரே அளவில் விழவில்லை.